பரிசல் பழக்கத்தில் கடலில் நங்கூரம் போட்டால்

மைசூரில் இருந்துகொண்டு கடலில் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் செல்வம் கொள்ளேகாலில் வளர்ந்தவர். காவிரியில் பரிசலில் உட்கார்ந்து தூண்டில் போட்டே பாதி வயதைக் கழித்தவர். கடலிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அவரோடு மைசூரில் வேலை பார்த்த பிரான்சிஸ் அண்ணன் இப்போது மனைவியின் ஊரான தலச்சேரியில் இருக்கிறார், சின்னதாக ஒரு ஃபைபர் படகும் வைத்திருக்கிறார். போன டிசம்பரில் அவர் கூப்பிட்டதும் இவர் பையைத் தூக்கிவிட்டார். தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

மைசூரிலிருந்து தலச்சேரிக்கு விராஜ்பேட்டை வழியாக நூற்று எழுபது கிலோமீட்டர் பக்கம் வரும். காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. விராஜ்பேட்டை தாண்டியதும் மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்க இருக்கையாகப் பார்த்துப் பிடியுங்கள். நான் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டு பாதி வழியில் கட்டிய புருஷனையே வெறுத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குள் சேர்ந்துவிட்டோம். அன்றைக்கு ஓய்வு, மறுநாள் விடிந்ததும் உயிர்காப்பு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கடல்.

கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தண்ணீருக்கடியில் ஒரு பாறை இருக்கிறது. மீன்கள் அதைச் சுற்றித்தான் மேயும். பாறை மேலேயே நங்கூரத்தைப் போட்டால் அது சிக்கிக்கொள்ளும், சத்தத்தில் மீனும் ஓடிவிடும். அதனால் பிரான்சிஸ் அண்ணன் நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, பாறையைத் தாண்டி அந்தப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய் நங்கூரத்தை இறக்கினார். எட்டு மீட்டர் ஆழத்துக்கு நாற்பது மீட்டர் கயிறு விட்டார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். கயிறு நீளமாகச் சாய்ந்து கிடந்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும், குட்டையாக விட்டால் படகு அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்றார். படகு மெல்லப் பின்னால் நகர்ந்து, பாறை எங்கள் தூண்டிலுக்கு எட்டுகிற இடத்தில் நின்றது. மெல்லிய தூண்டில் நரம்பு, இலேசான கோல். முதல் அரை மணியில் இரண்டு சங்கரா மீன் கிடைத்தது. செல்வத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு மீன் கடிப்பது நின்றுபோனது. இடம் மாற்றலாம் என்று கொஞ்சம் தள்ளிப் போனோம். இன்ஜினை நிறுத்திய பிரான்சிஸ் அண்ணன், சிக்கிக் கிடந்த தன் நரம்பைப் பிரிக்க முன்பக்கம் போனபடியே செல்வத்திடம், "குரு, இந்தத் தடவ நீயே நங்கூரத்தப் போட்டுக் கட்டிடு" என்றார். மைசூரில் நண்பர்களைக் கூப்பிடுகிற அந்த 'குரு' அவரை விட்டு இன்னும் போகவில்லை. செல்வம் போட்டார், கட்டினார். நான் நடுவில் உட்கார்ந்து தூண்டிலுக்கு இறால் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் அலை பின்பக்கமாக வந்து செல்வத்தின் முதுகை நனைத்தது. சிரித்தோம். இரண்டாவது அலை இன்ஜினைத் தாண்டி உள்ளே கொட்டியது. மூன்றாவதில் என் கணுக்கால் வரை தண்ணீர்.

பிரான்சிஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எங்க குரு கட்டின?"

"இங்கதான், எம்பக்கத்துல. பரிசல்ல நான் உக்காந்த எடத்துலதான கட்டுவேன்?"

விஷயம் அதுதான். பரிசல் வட்டமானது. அதற்கு முன் ஏது, பின் ஏது? எங்கே நங்கூரக் கல்லைக் கட்டினாலும் ஒன்றுதான். படகு அப்படியில்லை. மூக்குப் பக்கம் கட்டினால் அலை வரும்போது ஏறி இறங்கும். பின்பக்கம் தாழ்வு, அங்கேதான் இன்ஜின் கனமும் ஆள் கனமும். அங்கே கட்டினால் கயிறு இழுத்துப் பிடிக்க, படகால் எழும்ப முடியாது, அலை நேராக உள்ளே வரும்.

"கயித்த அவுறு! சீக்கிரம்! பேகா, பேகா!" என்று கன்னடமும் கலந்து கத்திக்கொண்டே அண்ணன் பின்னால் வரப் பார்த்தார். "நீங்களும் வந்தா பின்னாடி இன்னும் தாழும், வராதீங்கண்ணா" என்று எனக்கு எப்படிச் சொல்லத் தோன்றியதோ தெரியவில்லை. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

செல்வம் முடிச்சோடு மல்லுக்கட்டினார். "இறுகிப் போச்சு புள்ள, வர மாட்டேங்குது." அடுத்த அலையில் அவர் சறுக்கி விழுந்து, ஒரு கால் படகுக்கு வெளியே போனது. அவருக்கு நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த இறால் கத்தியால் கயிற்றை அறுக்க ஆரம்பித்தேன்.

"ஏ புள்ள, அவரு நங்கூரம் போயிரும்!"

"போகட்டும்!" என்று நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கயிறு அறுந்ததும் பின்பக்கம் அப்படியே மேலே எழும்பியது. அடுத்த அலை எங்களுக்கு அடியில் நல்ல பிள்ளையாகப் போய்விட்டது. அப்பாடா என்று அன்று சொன்ன மாதிரி வாழ்க்கையில் சொன்னதேயில்லை. செல்வம் வெட்டிய கேனால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் கிளம்பியது.

கரைக்குப் போய்விடலாம் என்றேன். "தங்கச்சி, தப்பு எம்மேல. எங்க கட்டணும்னு நான் சொல்லியிருக்கணும். இன்னொரு நங்கூரம் இருக்கு. அஞ்சே நிமிஷம் பாரு, பயமா இருந்தா போயிடலாம்" என்றார் அண்ணன். மூக்குப் பக்கம் கட்டினார். அதே கடல், அதே அலை. படகு தலையை ஆட்டிக்கொண்டு சும்மா நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் செல்வத்தின் தூண்டிலில் ஒரு பாரை மீன் மாட்டி, அந்த மெல்லிய நரம்பை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அவரை ஆட்டிவைத்தது. வலை போட்டுத் தூக்கியது நான்தான்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். நங்கூரக் கயிறு எப்போதும் மூக்கில்தான், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளம். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே கொஞ்சம் சங்கிலி இருந்தால் பிடி உறுதியாகும். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். கத்தி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், இன்னொரு நங்கூரமும் வேண்டும். நங்கூரம் சிக்கினால் பின்னால் கட்டி இன்ஜினால் இழுக்கவே கூடாது, எங்கள் கதிதான் ஆகும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை நேரக் கடல் அமைதியாக இருக்கும், பதினொரு மணிக்கு மேல் காற்று கிளம்பும். எங்களுக்குப் பெட்ரோலுக்கு எண்ணூறு ரூபாய் ஆனது. அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்றும் புது நங்கூரம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போடாமல் படகில் ஏறாதீர்கள். கரைக்கு வந்ததும் செல்வம் தன்னுடையதைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் பார்க்கப் பார்க்க, அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மீன் சாப்பாடு சாப்பிட்டார் மனிதர்.