நீலாம்பாளின் குளிர்ந்த அறை

தங்கையனுக்குக் கம்ப்யூட்டர் மேல் வருஷக்கணக்காக ஒரு மனத்தாங்கல் உண்டு. கட்டிய பெண்டாட்டியை மூன்று வருஷம் அதைப் படிக்க அனுப்பியவன் அவன். பூதலூர் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றி விட்டவனும் அவன்தான். அந்தப் பெட்டியோ ஒரு தடவைகூட அவனுக்கு முகம் காட்டியதில்லை.

எல்லாம் கல்லூரியில் சேர்த்துவிடப் போன அன்றே ஆரம்பித்தது. தஞ்சாவூரில் அந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அப்போதுதான் புதிது. கூட வந்தவர்களையெல்லாம் லேபைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வாசலில் லேப் உதவியாளர் பஞ்சநதம் கையை நீட்டி மறித்தார்.

“செருப்பக் கழட்டிட்டு வாங்க.”

“ஏன், உள்ள சாமி இருக்கா?”

“தூசி பட்டா மெஷின் கெட்டுடும்ங்க.”

“நான் வயல்லேருந்து வர்றவன். என் கால்ல சேறு இருக்கும், தூசி எங்கேருந்து வரும்?”

பஞ்சநதம் சிரித்தார், வழிவிடவில்லை. தங்கையனும் கழற்றவில்லை. அவன் அப்பா இளையபெருமாள், பண்ணையார் தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர். விவசாயச் சங்கத்துக் கொடி ஊருக்குள் வந்த பிறகு ஒரு நாள் அதைக் காலில் மாட்டிக்கொண்டு அதே தெருவில் நடந்தார். களத்துமேட்டில் கட்டிவைத்து அடித்தார்கள். மறுநாளும் மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் பெற்ற பிள்ளை ஒரு பெட்டிக்காகக் கழற்றுவானா? வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

நீலாம்பாள் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தாள். செருப்பை மாட்ட மறந்து, வெறுங்காலோடு பாதி வழி நடந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“உள்ள மார்கழி மாசம் மாதிரி இருக்கு மாமா” என்றாள்.

அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள். பெண் கேட்டுப் போனபோதே, “மேல படிக்க வைக்கிறதா இருந்தா கழுத்த நீட்டுறேன்” என்று சொன்னவள். ஐந்தாம் வகுப்போடு நின்று டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த தங்கையன் சரி என்றான். அவன் அம்மா காத்தாயியும் சரி என்றாள். ஆனால் மூன்று வருஷம்தான், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது, அப்புறம் பேரப்பிள்ளை.

நீலாம்பாள் முழித்துக்கொண்டே கனவு காண்கிறவள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ரயில் ஜன்னலில் வயல்கள் பின்னால் ஓடும். நட்ட வயல் பச்சையாக, தண்ணீர் நிற்கிற வயல் வானத்தின் நிறமாக, கட்டம் கட்டமாக ஓடும். அவளுக்கு அது முழுக்க ஒரு பெரிய திரை. எந்தக் கட்டம் எப்போது நிறம் மாற வேண்டும் என்று விரலால் காற்றில் எழுதிக்கொண்டே போவாள். நடுவில் ஒரு கொக்கு எழும்பினால் அதற்கும் இரண்டு வரி எழுதுவாள்.

“அந்தப் பொட்டிக்கு என்னதான் தெரியும் புள்ள?” என்று தங்கையன் ஒரு நாள் கேட்டான்.

“ஒன்னுமே தெரியாது மாமா. நாமதான் ஒன்னொன்னா சொல்லணும். நிறுத்துன்னு சொல்ல மறந்துட்டோம்னா நிறுத்தவே நிறுத்தாது.”

“எங்க அம்மா மாதிரின்னு சொல்லு.”

அந்த அம்மா ஒரு ஆயுதபூஜை முடிந்து, கல்லூரியிலிருந்து வந்த பொரிகடலையை மென்றுகொண்டே மருமகளை விசாரித்தாள்.

“அங்க செருப்பு போடக் கூடாதாமே?”

“ஆமா அத்த.”

“பொட்டு வச்சீங்களா அதுக்கு?”

“ஒவ்வொன்னுக்கும் சந்தனம், குங்குமம் வச்சோம். சூடம் காட்டுனாங்க. கதவ சாத்திட்டா இருட்டா, சில்லுன்னு, கர்ப்பக்கிரகம் மாதிரி இருக்கும் அத்த.”

காத்தாயி மெல்லுவதை நிறுத்தினாள். “அப்ப அந்த மூணு நாளும் நீ அதுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது.”

வகுப்புக்குப் போகலாம், பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் தீட்டு கிடையாது. லேபுக்குத்தான் ஆகாது. நீலாம்பாளும் சண்டைக்குப் போகவில்லை. அந்த நாட்களில்தான் அவளுக்கு வீட்டு வேலை இல்லை. வகுப்பு முடிந்து வந்ததும் கொல்லையில் பூவரசு நிழலில் சாக்கை விரித்து உட்காருவாள். காத்தாயியே டீ கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போவாள். கண்ணை மூடினால் அந்தக் குளிர்ந்த அறை வந்துவிடும். மனசுக்குள்ளேயே ப்ரோகிராம் எழுதி, மனசுக்குள்ளேயே ஓட்டி, எங்கே முட்டுகிறது என்று பார்த்துத் திருத்துவாள். பூவரசம்பூ ஒன்று மடியில் விழும்; அதுகூடத் தெரியாது. மனசுக்குள் போய்வந்த லேபுக்கு யாரும் அட்டெண்டன்ஸ் போடமாட்டார்கள் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

தங்கையனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குக் கேஸ் இருந்தது. அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத கோயில் நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி கோயில் தர்மகர்த்தாவாக வந்த ஒருத்தன் வழக்குப் போட்டிருந்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் அவன் வேட்டியின் கட்சிக் கரையும் மாறும்; வழக்கு மட்டும் மாறாது. தங்கையன் வாய்தா வாய்தாவாக நடந்தான்.

மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்து, துறைத் தலைவர் சாவித்திரி மேடம் அவனை வரச் சொல்லியிருந்தார். செருப்பு கழற்றமாட்டான் என்று தெரிந்து அவரே வேப்பமரத்தடிக்கு வந்தார்.

“நல்லா படிக்கிற பொண்ணு. லேபுக்கு மட்டும் நிறைய நாள் வரலியே, ஏங்க?”

தங்கையன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு மேடத்தின் காதோடு சொன்னாள். மேடம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நானுந்தாம்மா அந்த நாள்ல எல்லாம் உள்ள வந்து பாடம் எடுக்குறேன். மெஷினுக்கு ஒன்னும் ஆகலியே?”

தங்கையன் அவசரமாக மரத்து உச்சியைப் பார்க்க ஆரம்பித்தான்.

லீவு நாட்களில் வந்து, தவறவிட்ட லேப் வேலைகளையெல்லாம் செய்து முடித்தால் பரீட்சைக்கு விடலாம் என்றார் மேடம். “ஆனா ப்ராக்டிகல் பரீட்சை அன்னைக்கு வரலன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது. அடுத்த வருஷந்தான்.”

அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. காத்தாயி வைத்த மூன்று வருஷக் கெடு அவளுக்கும் தெரியும், தங்கையனுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையன் அம்மாவிடம் கத்தினான். “அது கரண்டுல ஓடுற பொட்டி! அதுக்குப் போயி தீட்டாம்!”

“செருப்ப வெளியில விட்டுட்டுப் போற எடம் எதுவோ அது சாமி எடந்தான்டா” என்றாள் காத்தாயி. “நெலத்துக் கேஸ் முடியிற நேரம். தீட்டோட போயி அவ எதையாச்சும் இழுத்து விட்டுட்டா? உங்கப்பன் அடிபட்டு உழுத நெலம்டா அது.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போனான். நீலாம்பாள் அடுப்படியிலிருந்து அவனைப் பார்த்தாள்.

லீவு நாட்களில் பஞ்சநதம் முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் முடித்தாள். மாசி முடிந்து, இரண்டாம் போகமான தாளடி அறுவடை ஆன நேரம் பரீட்சைத் தேதியும் தீர்ப்புத் தேதியும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

அன்று மூன்று பேரும் ஒரே ரயிலில் போனார்கள். காளியம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தைக் காத்தாயி கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். அறுத்த வயல்களில் பனி இன்னும் கலையவில்லை. வைக்கோல் போர்கள் தரையைத் தொடாமல் மிதந்தன. நீலாம்பாளின் விரல் ஜன்னல் கம்பியில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தது. தஞ்சாவூரில் இறங்கியதும் காத்தாயி நேராகக் கோர்ட்டுக்குப் போனாள். தங்கையன் மனைவியைக் கல்லூரிக்குக் கூட்டிப் போனான்.

லேப் வாசலில் அவள் நின்றாள்.

“மாமா, இன்னைக்குக் காலையிலதான்... எனக்கு.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “ரயில்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா அத்த எறங்கவே விட்டிருக்க மாட்டாங்க.”

உள்ளே பெயர் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். கதவுச் சந்தில் குளிர்காற்று வந்து அவன் முழங்கையில் பட்டது. நிலம் அவன் கண்ணுக்குள் வந்தது. அப்பாவின் முதுகும் வந்தது.

அவள் அவன் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. கதவைத் தள்ளியவள், தலையை மட்டும் திருப்பினாள். கனவு காண்கிற கண் இல்லை அது.

“அத்த கோர்ட்டு வராண்டாவுல உக்காந்திருப்பாங்க. நேரா அங்க போங்க மாமா. நம்ம கேஸ கூப்புடுறதுக்கு முன்னாடியே, நான் இப்படி உள்ள போயிட்டேன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. ஜெயிச்ச பிறகு சொன்னா, தீட்டு ஒன்னும் பண்ணலன்னு நம்ப மாட்டாங்க.”