பதினோரு காலி டப்பாக்கள்

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. எதிரே போலீஸ் வண்டி வந்தால் போதும், எதையோ திருடிவிட்டவள்போல ஓரமாக ஒதுங்குவேன். அப்படிப்பட்ட நான்தான், தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தபோது ஒரு போட்டோ எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கம்பெனிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. காலையில் கேட்டில் செக்யூரிட்டி எங்கள் போன் கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டினால் முதல் வேலையாக அதை உரித்து பஸ் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவோம். எனக்குப் போட்டோ பைத்தியம். உரித்த கையோடு எதையாவது எடுத்துவிட வேண்டும், பள்ளத்து மழைத்தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் லாரியையாவது.

அந்த வாரம் போனைத் திறந்தாலே போர்தான். எங்கோ தூர தேசம், ஊர்ப்பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. கஞ்சி ஊற்றும் இடத்தில் பிள்ளைகள் காலிப் பாத்திரங்களை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை தன் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். வெயிலுக்குக் கவிழ்த்தாளா, குண்டுக்குப் பயந்தா என்று தெரியவில்லை. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை, பாதியைக் கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ் எங்களைப் புதுவாயலில் இறக்கிவிட்டது. பக்கத்திலேயே ஒரு சின்னப் பாலம், இடுப்பு உயரக் கட்டைச்சுவர். கூட வந்த பத்துப் பேரிடமும் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டேன்.

"இன்னாக்கா, கழுவாத டப்பாவப் போய் போட்டோ புடிக்கிற?"

"அந்தக் கொழந்தைங்களுக்காகடி. நாமளும் அவங்க பக்கம்தான்னு காட்ட வேணாவா?"

"சீக்கிரம் புடி. நீ பாட்டுக்கு புடிச்சிகினு இருந்தா ஷேர் ஆட்டோ போய்டும்."

என்னுடையதையும் சேர்த்துப் பதினோரு டப்பாக்களைத் திறந்து சுவரின்மேல் வரிசையாக வைத்தேன். ரோட்டோரம் குந்திக் கீழிருந்து எடுத்தேன். சாய்ந்த வெயிலில் டப்பாக்கள் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோலவே வந்தன. கடைசி டப்பாவை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தேன், அந்தப் பெண்பிள்ளைக்காக. 'பசியோடு இருக்கும் உங்களோடு நாங்களும் நிற்கிறோம்' என்று ஒரு வரி எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுத் திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் டீ இடைவேளையில் சூப்பர்வைசர் வந்து, "எச்.ஆர். கூப்புடுறாரு, போனையும் எட்துகினு வா" என்றார். வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அடுத்த மாதம் என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. ஸ்டிக்கரைக் கேட்டுக்கு வெளியேதானே உரித்தேன், உள்ளேயே உரித்துவிட்டேனா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

எச்.ஆர். தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் போட்டோதான். கீழே யார் யாரோ நன்றி எழுதியிருந்தார்கள்.

"பக்கத்து கம்பெனில மூணு நாளா கேன்டீன் சாப்பாட்டைப் புறக்கணிக்கிறாங்க, தெரியுமா? அவங்க குரூப்ல இந்தப் போட்டோதான் சுத்துது. அவங்களுக்கு ஆதரவா? உங்களை யார் எடுக்கச் சொன்னது?"

வேலையை விட்டு எடுத்த நாலு பேருக்காக அங்கே ஆட்கள் சாப்பிடாமல் இருப்பதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் ஸ்டிரைக்குக்கு முதல் படி அதுதான், தட்டைத் தொடாமல் எழுந்து வருவது. காலி டப்பாவைப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. எனக்கு மட்டும் அது தோன்றவில்லை.

"சார், அது சண்டை நடக்கிற நாட்டுக் கொழந்தைங்களுக்காக சார்."

அவர் நம்பவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். டப்பாக்களில் வெட்டியிருந்த பெயர்கள் பளிச்சென்று தெரிந்தன. பத்துப் பேரையும் நானே கூட்டிப்போய்க் கிணற்றில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு பெயராகப் படித்து ஆள் பட்டியலில் தேடினார். ஒன்றுகூட இல்லை.

"யாரு இவங்கள்லாம்?"

"கல்யாணத்துக்கு வெச்சிக் குடுத்தவங்க சார். மாமா, பெரியப்பா, அவங்க பேருதான் வெட்டுவாங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவர் என் போனிலிருந்த போட்டோவை அங்கேயே அழிக்கவைத்து, வெள்ளைத்தாளை நீட்டினார். போட்டோவை அழித்துவிட்டதாகவும், பக்கத்துக் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்களை நான் ஆதரிக்கவில்லை என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். எழுதியதில் பொய் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டபோது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது, போட்டுவிட்டேன்.

அன்று கேட்டைத் தாண்டியும் நான் ஸ்டிக்கரை உரிக்கவில்லை.

புதுவாயலில் இறங்கியபோது, அதே பாலத்துச் சுவரில் பக்கத்துக் கம்பெனி யூனிபார்மில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நீதானக்கா அந்தப் போட்டோ போட்டது? உங்க பஸ்ல வர்ற பொண்ணு காட்டிச்சி. பசியில படுத்துனு இருந்தோம். அதப் பாத்ததும்தான் எழுந்து ஒக்காந்தோம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். தண்ணீர்கூடப் படாமல் காய்ந்து கிடந்தது. அதைச் சுவரின்மேல், நேற்று நான் வைத்த அதே இடத்தில் வைத்தாள்.

"இதையும் வெச்சி ஒண்ணு எடுக்கா."

எங்கள் கம்பெனி பஸ் இன்னும் கிளம்பவில்லை. சூப்பர்வைசர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் போனைத் திருப்பி, கேமரா மேலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை அவளிடம் காட்டினேன்.

"கம்பெனி ஸ்டிக்கரும்மா. எடுக்கக் கூடாது."

கேட்டுக்கு வெளியே அதை உரித்துவிடலாம் என்று தேர்வாய் கண்டிகையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் கையிலிருந்த போனின் கேமரா ஓரத்தில், உரித்த ஸ்டிக்கரின் பிசின் அழுக்காக இருந்தது.

"சரிக்கா" என்று அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.