பேசின் பிரிட்ஜ் புகை

எனக்குப் பிடிக்காத ஆட்கள் வாழ்க்கையில் நிறைய உண்டு. ஆனால் செத்துத் தொலைந்தால் தேவலை என்று நான் மனசார நினைத்தது ஒரே ஒருவனைத்தான். முழுசாக ஒரு வருஷம் அவன் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டினான். என் உயிர் அவன் கையில்தான் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது.

முப்பதுகளில் நடந்தது இது. திருவொற்றியூருக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு பொட்டல் இருந்தது. ஒரு சின்னக் கம்பெனி அங்கே தகரக் கொட்டகை போட்டு, இரண்டு விமானங்களை வைத்துக்கொண்டு, இப்போது விஜயவாடா என்கிறார்களே, அந்தப் பெஜவாடாவுக்கும் சென்னைக்கும் நடுவே தபால் மூட்டை, மருந்துப் பெட்டி, சினிமாச் சுருள் என்று ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். மரச்சட்டத்துக்குத் துணி போர்த்தியது, ஒற்றை எஞ்சின், கூரை கிடையாது. முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. பின்குழியில் பைலட், முன்குழியில் சரக்கு. சரக்கோடு சரக்காக நான். நெல்லூரில் பெட்ரோல் போட இறங்கினால், மறுபடி விசிறியைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்ப ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக.

ராயபுரத்தில் பிறந்து, ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். அதை விட்டுவிட்டு இங்கே வந்ததற்கு ஒரே காரணம் லைசென்ஸ். எஞ்சினைச் சரிபார்த்து, இந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அது உள்ளவனுக்குத்தான். அது இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற ஆள்தான். பரீட்சைக்கு உட்கார வேண்டுமானால், ஒரு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தேன் என்று என் வேலைப் புத்தகத்தில் பைலட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காக நான் அவனிடம் வாங்காத திட்டு இல்லை.

அவன் கீழ்ப்பாக்கத்துப் பங்களாக்காரன். அப்பா பெரிய வக்கீல். பொழுதுபோக்காகப் பறக்கக் கற்றுக்கொண்டு, வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவன். நன்றாக ஓட்டுவான், அதை மறுத்தால் பொய். ஆனால் தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் விமானத்தின் எடையைக் கூட்டவே பிறந்தவர்கள் என்று நினைப்பு.

காற்றிரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்பதால் இரண்டு குழிகளுக்கும் நடுவே ரப்பர் குழாய் ஓடும். இந்த முனையில் பேசினால் அந்த முனையில் காதுக்கு வரும். நான் சேர்ந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பழவேற்காடு ஏரிக்கு மேலே வரும்போது மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. நான் குழாயில், “சார், அங்க பேஜாரா கீது. கடலாண்ட திருப்பிக்கினு போயிடலாம்” என்றேன். அவன் போன வழியே ஓட்டினான். கீழே இறங்கியதும் என் பக்கத்துக் குழாயின் வாய்ப்பகுதியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

“உன் பாஷையை இனிமே என் காதுல ஊத்தாதே. நான் சொல்றது உனக்குக் கேட்டாப் போதும்.”

அன்றிலிருந்து அவன் பேசுவது எனக்கு வரும், நான் பேசுவது அவனுக்குப் போகாது. புத்தகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆடி ஆவணி மாதங்களில் பிற்பகலானால் மேற்கே இடிமேகம் எழும்பிவிடும். தரையிலிருந்து பார்த்தால் கறுப்பு. மேலே போய்ப் பக்கத்தில் பார்த்தால் சோற்றுப் பானை பொங்குவதுபோல் வெள்ளை வெளேரென்று பொங்கிக்கொண்டே போகும். அதற்குள் நுழைந்தால் துணி கிழியும், சட்டம் ஒடியும். ஏறித் தாண்ட எங்கள் எஞ்சினுக்கு வலு கிடையாது. மேகத்தை வலக்கைப் பக்கம் விட்டுவிட்டுக் கடல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவதுதான் வழி. கம்பெனியின் இன்னொரு பைலட் கரை மங்குகிற அளவுக்கு ஒதுங்கிவிடுவார். இவன் ஓரத்தை உரசிக்கொண்டே வருவான். நேரம் தவறாதவன் என்ற பேர் அவனுக்கு முக்கியம். ஆலங்கட்டி என் முகத்தில் அறையும். விமானம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி மறுபடி ஏறும். குழாயில் அவன் சிரிப்பான்.

“பயமா இருக்கா? கண்ணை மூடிக்கோ.”

அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கடலில் தள்ளியிருக்கலாம்.

இறங்குவதற்கு அவன் வைத்திருந்த அடையாளம், பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தின் புகை. எண்ணூரைத் தாண்டும்போதே அது கண்ணுக்குத் தெரியும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். முதுகில் காற்று தள்ளினால் வேகம் அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். புகை மேற்கே சாய்ந்திருந்தால் கடல்காற்று, ஆகவே கடலைப் பார்த்து இறங்கலாம். பொட்டலின் அந்தக் கோடியில் கால்வாய். அவன் புகையை ஒரு தடவை பார்ப்பான், முடிவு செய்வான், மறுபடி திரும்பிப் பார்க்கமாட்டான்.

நான் அந்தப் புகையைப் பார்த்தே வளர்ந்தவன். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் காத்தாடி விடுகிறவர்கள் மொட்டைமாடியில் நின்றுகொண்டு அதைத்தான் பார்ப்பார்கள். மேற்கே சாய்ந்திருந்த புகை திடீரென்று நெட்டுக்குத்தாக நிமிர்ந்தால், மேற்கிலிருந்து மழைக்காற்று வருகிறது என்று அர்த்தம். நூலை லொட்டாய்க் கட்டையில் சுற்றிவிட வேண்டியதுதான். அதிலும் ஒரு சூது உண்டு. முதலில் புழுதிக்காற்று அடித்து ஓயும். புகை பழையபடி மேற்கே சாயும். புதிதாக விடுகிறவன் எல்லாம் முடிந்தது என்று காத்தாடியை மறுபடி ஏற்றுவான். அப்போது மழையோடு இரண்டாவது காற்று வந்து, விரலை அறுத்து நூலோடு பிடுங்கிக்கொண்டு போகும். மழை கொட்டித் தீரும்வரை விவரமானவன் நூலைத் தொடமாட்டான்.

என் வருஷம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு மேகத்தைச் சுற்றிக்கொண்டு எண்ணூர் வந்து சேர்ந்தபோது அது வியாசர்பாடிக்கும் அப்பால் மேற்கே நின்றது. புகை மேற்கே சாய்ந்திருந்தது. அவன் பார்த்தான், வட்டமடித்துக் கடலைப் பார்த்துத் திரும்பினான், எஞ்சினைத் தணித்து இறங்கத் தொடங்கினான். பனைமரங்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. நான் தற்செயலாக வலப்பக்கம் திரும்பினேன். புகை நிமிர்ந்து நின்றது.

விமானத்தின் விலாவை ஓங்கித் தட்டினேன். கையை நீட்டிப் புகையைக் காட்டினேன். “கையை உள்ள வை” என்றது குழாய். திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக் கத்தினேன். “உட்காருடா” என்றது. எதிரே கால்வாய்த் தண்ணீர் பளபளத்தது. என் மடியில் அரக்கு முத்திரை போட்ட தபால் மூட்டை இருந்தது. அது தொலைந்தால் அவன் வேலை போகும், தொலைத்த நான் ஜெயிலுக்குப் போவேன். மூட்டையைத் தூக்கி இரண்டு கையாலும் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, மேலே போ என்று தலையால் காட்டினேன்.

குழாயில் அவன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் எஞ்சின் உறுமியது, மூக்கு மேலே எழுந்தது. நாங்கள் கால்வாயைத் தாண்டும்போது மேற்கேயிருந்து புழுதி சுவர் மாதிரி வந்து பொட்டலை மூடியது. கொட்டகைத் தகரம் இரண்டு பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்களின் மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தோம். புழுதிக்குப் பின்னாலேயே மழை வந்துவிட்டதால் கரை மறைந்துபோயிற்று. மறைந்த ஒரே காரணத்தால்தான் அவன் மழை தீரும்வரை காத்திருந்தான், விவரம் தெரிந்து இல்லை.

தரையில் கால் வைத்ததும் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

“மூட்டையைக் காட்டி என்னையே மிரட்டுறியா?”

“பொகை நிமிந்துபோச்சு சார். எறங்கிருந்தா ரெண்டு பேரும் கால்வாயிலதான்.”

அவன் தகரம் போன கொட்டகையைப் பார்த்தான். அடுத்த அடி விழவில்லை.

மறுநாள் காலை மானேஜர் கூப்பிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். இறங்க வந்த விமானம் கடைசி நிமிஷத்தில் மேலே ஏறியதைக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்திருந்தார். காரணம் கேட்டார். புகை நிமிர்ந்ததைத் தான் கவனித்ததாகவும், காற்று திரும்பப் போகிறது என்று ஊகித்து ஏறியதாகவும் அவன் இங்கிலீஷில் கூசாமல் சொன்னான். மானேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்றார்.

மேஜைமேல் என் வேலைப் புத்தகம் இருந்தது. அவனே கொண்டுவந்து வைத்திருந்தான். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

“ஆமா சார். அவருதான் பாத்தாரு” என்றேன்.

கையெழுத்து விழுந்தது. ‘நம்பத் தகுந்தவன்’ என்றுகூட எழுதியிருந்தான்.

புத்தகத்தோடு வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தான். முதல் தடவையாகக் குரலைத் தணித்துப் பேசினான்.

“அந்தப் புகை விஷயம். நிமிர்ந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? எப்போ இறங்கலாம்? கொஞ்சம் சொல்லு.”

இரண்டாவது காற்று என் நாக்கு நுனியில் இருந்தது. கன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னா சார், என்னாண்ட கேக்கறே? நீதானே பாத்தே.”

அவன் திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டான். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸ்காரன் பறக்க வேண்டியதில்லை, கீழே இருந்து கையெழுத்துப் போட்டால் போதும். முன்குழிக்கு அரக்கோணம் ரயில்வே ஷெட்டிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். வண்ணாரப்பேட்டையில் வீடு பார்த்துக் குடும்பத்தைக் கொண்டுவந்திருந்தார். எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம்.

“தம்பி, நல்லா பார்த்துக் கையெழுத்துப் போடு. மேல போறவன் நான்” என்று காலையில் சிரிப்பார். நான் நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன். எஞ்சினில் என்னால் ஒரு குறையும் வந்ததில்லை. புகையைப் பற்றி மட்டும் அவரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அது பைலட் காதுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

அடுத்த ஆவணியில் ஒரு பிற்பகல் புகை நிமிர்ந்தது. விமானம் கடலுக்கு மேல் வட்டமடிப்பதைக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்தேன். காத்திருக்கிறான், பரவாயில்லை என்று நினைத்தேன். புழுதிக்காற்று அடித்து ஓய்ந்தது. மழை இன்னும் மேற்கேயே நின்றது. புகை பழையபடி மேற்கே சாய்ந்தது. விமானம் திரும்பி, வட்டமடித்து, கடலைப் பார்த்து இறங்க வந்தது. நான் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு பொட்டலில் ஓடினேன். விமானம் என்னைத் தாண்டிப் போனபோது பாய் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், வரவேற்கிறேன் என்று நினைத்திருப்பார். திரும்பி அதன் பின்னால் ஓடினேன். மேற்கே, என் முதுகுப் பக்கம் இரைச்சல் கேட்டது. மழை என் முதுகில் விழுந்தபோது சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. விமானம் நிற்கவே இல்லை.

மூக்கு குத்திக் கால்வாய்க்குள் விழுந்தது. பின்குழியிலிருந்தவன் தூக்கியெறியப்பட்டு, கை முறிந்து பிழைத்தான். முன்குழி எஞ்சினுக்கு அடியில் இருந்தது. பாயை வெளியே எடுக்க எங்களுக்கு இருட்டும்வரை ஆயிற்று. மடியில் மூட்டை அப்படியே இருந்தது.

விசாரணையில் முதலில் என் கையெழுத்தைச் சரிபார்த்தார்கள். எஞ்சினில் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பைலட், தான் புகையைப் பார்த்துக் காத்திருந்துதான் இறங்கியதாகச் சொன்னான். அது உண்மைதான். பாயின் மனைவி மூத்த பெண்ணோடு கதவோரம் நின்றிருந்தாள். இரண்டாவதாக அப்படி ஒரு காற்று வரும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று மானேஜர் என்னைக் கேட்டார். கட்டுப் போட்ட கையோடு அவனும் என்னைப் பார்த்தான்.

“யாருக்கும் தெரியாது சார்” என்றேன்.