இருபத்து மூன்றாம் படுக்கைக்கு எழுதிய வரி

அந்த மருத்துவமனையில் இருபத்து மூன்றாம் எண் படுக்கை கிடைத்தவர்கள் சாவதில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பியது மட்டுமல்ல, நான்கு மாதம் சளைக்காமல் ஊர் சுற்றியது. சேர்க்கைச் சாளரத்தில் நின்றவர்கள் தங்கள் நோயைச் சொல்வதற்கு முன்னால் படுக்கையின் எண்ணைச் சொன்னார்கள். காலில் ஆணி குத்தி ஊசி போட்டுக்கொள்ள வந்த ஒருவர், "இருபத்து மூணு காலியா இருந்தா சும்மா ரெண்டு நாள் படுத்துட்டுப் போறேனே" என்றாராம்.

விசாரித்துப் பார்த்தால், பதிவறை வேறு கதை சொன்னது. அந்த நான்கு மாதத்தில் இருபத்து மூன்றில் படுத்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் வீடு திரும்பினார்கள். இரண்டு பேர் திரும்பவில்லை. பக்கத்துப் படுக்கையான இருபத்து இரண்டில் அதே காலத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. வதந்திக்குப் பதிவேடு புரட்டும் பழக்கம் எப்போதுமே கிடையாது.

ஆனால் வதந்தியிடம் ஓர் ஆதாரம் இருந்தது. மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் படுக்கை எண்ணையும் சீட்டில் உள்ள ரகசிய எண்ணையும் அடித்தால் நோயாளியின் நிலை தெரியும். 'சிகிச்சையில் உள்ளார்', 'உணவு உட்கொண்டார்', 'உறங்குகிறார்' என்று வார்டு சிஸ்டர்கள் பதிவதற்கு ஏற்ப அது மாறும். 'வார்டைத் தொடர்புகொள்ளவும்' என்று வந்தால் முடிவு நெருங்கிவிட்டது, உடனே கிளம்பி வா என்று அதற்கு அர்த்தம் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். இருபத்து மூன்றுக்கு மட்டும் அந்தக் கடைசி வரி வந்ததே இல்லை. காலையோ மாலையோ, யார் படுத்திருந்தாலும், ஒரே வரிதான்: 'நிம்மதியாகத் தூங்குகிறார்.'

அந்த வரியை எழுதியவருக்கு மருத்துவமனையில் வழங்கிய பெயர் கலப்படம்.

பாலில் தண்ணீர் கலந்த குற்றம் எதுவும் அவர்மேல் இல்லை. நாற்பத்தேழு வயது. பதினொரு வருடமாக மருத்துவமனையின் இணையப் பக்கத்தைக் கட்டிக் காத்தவர். தரைக்குக் கீழே, சலவைக்கூடத்தை ஒட்டிய அறை. சலவை இயந்திரம் வேகம் பிடிக்கும்போது அவர் மேஜையும் சேர்ந்து ஆடும். ஒரு காலுக்கு அடியில் மாத்திரை அட்டைப்பெட்டியை மடித்துச் செருகியிருந்தார். வேலை கற்றவர்கள் பக்கத்தின் தோற்றத்தைத் தனிக் கோப்பிலும், சர்வரில் ஓட வேண்டிய நிரலைத் தனிக் கோப்பிலும் வைப்பார்கள். இவர் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் கிண்டுவார். தோற்றத்துக்கு இரண்டு வரி எச்.டி.எம்.எல்., நடுவில் நிரலுக்கு ஒரு வரி பி.எச்.பி., மறுபடியும் எச்.டி.எம்.எல். ஒருமுறை வெளியிலிருந்து பார்க்க வந்த நிபுணர் அதைத் திறந்துவிட்டு, "சார், இது ப்ரோகிராம் இல்ல, கலப்படம்" என்றார். சொன்னவர் அன்றைக்கே போய்விட்டார். பெயர் தங்கிவிட்டது.

"இன்னிக்கு என்ன கலந்தீங்க?" என்று மாடிப்படியில் கேட்பார் பதிவறை அக்கா. அவரைவிட இரண்டே வயது மூத்தவர். அந்த இரண்டு வயதையும் நன்றாக உபயோகப்படுத்துபவர்.

"நீங்க கேட்ட அளவுக்குத்தான் கலந்தேன் அக்கா."

அந்தக் கலப்பில் ஒரு வசதி உண்டு. அதில் ஓர் ஆபத்தும் உண்டு; இரண்டும் ஒன்றேதான். பக்கம் பார்ப்பவரின் திரைக்கு வந்து சேரும்போது எல்லாம் ஒரே எழுத்தாக, ஒரே நிறத்தில் வரும். இந்த வார்த்தை தகவல் கிடங்கில் போய்க் கேட்டுக்கொண்டு வந்தது, அந்த வார்த்தை எவரோ கையால் அடித்து வைத்துவிட்டுப் போனது என்று எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது.

போன வருடம் அவர் மனைவியை இருபத்து மூன்றில் சேர்த்தார்கள். வீட்டுக்காரரே மருத்துவமனை ஊழியர் என்பதால் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. கிடைத்த சலுகை அது ஒன்றுதான். நோய் சலுகை எதுவும் காட்டவில்லை. மனைவியின் அப்பா வேறு ஊரில், இதயத்தில் இரண்டு அடைப்போடு தனியாக இருந்தார். மகளின் படுக்கை எண்ணை ஒரு நாளைக்கு இருபது முறை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை 'மூச்சுத் திணறல், சிகிச்சையில் உள்ளார்' என்று வந்ததைப் பார்த்து அவரையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மனைவி கூப்பிட்டுச் சொன்னார். "என்னங்க, அந்தப் பேஜ் உங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்பா பார்த்துக்கிட்டே இருப்பாரு. எனக்கு எப்படி இருந்தாலும் சரி, தூங்கறேன்னே காட்டுங்க. ஒரு வாரத்துக்கு மட்டும்."

"அது தப்பும்மா. சிஸ்டர் போடறதுதான் வரணும்."

"பதினோரு வருஷமா எல்லாத்தையும் கலந்தீங்கல்ல? எனக்காக ஒரு வரி கலக்க மாட்டீங்களா?"

அவர் கீழே போனார். ஐந்து நிமிட வேலை. படுக்கை எண் இருபத்து மூன்றாக இருந்தால் கிடங்குக்குப் போகாதே, இந்த வரியைக் காட்டு. 'உறங்குகிறார்' என்று அடித்தார். அது ஆஸ்பத்திரிப் பேச்சாக இருந்தது. மனைவியைப் பற்றி மாமாவிடம் போனில் சொல்வதுபோல் இருக்கட்டும் என்று அழித்துவிட்டு, 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று அடித்தார். எந்தத் தேதி வரை என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். தேதி போட அவருக்குக் கை வரவில்லை. அந்த நிலைமையில் எந்தக் கணவனும் அந்தக் கட்டத்தில் ஒரு தேதியை அடித்திருக்க மாட்டான்.

ஒன்பதாம் நாள் மனைவி இறந்தார். தகவல் தெரிந்து வந்து இறங்கிய மாமா, வாசலில் நின்றுகொண்டு, "தூங்கறான்னுதானே மாப்பிள்ளை போட்டிருந்தது?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

வரி அப்படியே இருந்தது. முதல் வாரம் அதை மறந்தது உண்மை. இரண்டாவது வாரத்திலிருந்து அவர் மறக்கவில்லை. காலையில் அறையைத் திறந்ததும் பக்கம் ஓடுகிறதா என்று பார்க்கும் சாக்கில் இருபத்து மூன்று என்று அடிப்பார்; அவர் கணினிக்கு ரகசிய எண் தேவையில்லை. 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று வரும். அதற்குப் பிறகுதான் வேலை ஓடும். வார்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், படுக்கையில் ஆள் இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை என்று சமாதானமும் கையோடு இருந்தது. வெள்ளையடித்து முடித்தார்கள். ஆட்கள் வந்தார்கள். நாளைக்கு எடுத்துவிடலாம் என்பது தினமும் நாளைக்கே ஆயிற்று.

முதலில் வந்தவர் வேடிக்கைக்காரர். உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டே, "சிஸ்டர், நான் தூங்கறேன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுது. கொஞ்சம் தட்டி எழுப்புங்க" என்றாராம். வார்டே சிரித்தது. பின்னால் வந்த ஒரு பெரியவர் இறந்தபோது பிள்ளைகள் நால்வரும் சுற்றி நின்றிருந்தார்கள், பக்கத்தைப் பார்க்க ஆள் இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களோ, எப்போது பார்த்தாலும் நலமாக உறங்கும் படுக்கை என்று பேச ஆரம்பித்தார்கள். வதந்தி பிறந்த கதை இவ்வளவுதான்.

ஏழாவதாக வந்தது ஒரு தையல்காரம்மா. ஒரே மகன்; ஏழு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் லிஃப்ட் மெக்கானிக். சேர்க்கைப் படிவத்தில் உறவினர் தொலைபேசி என்ற இடத்தில் அந்த அம்மா தன் நம்பரையே எழுதிவிட்டார். கடைசி நாளில் வார்டிலிருந்து மகனைக் கூப்பிட்டபோது, மணி அந்த அம்மாவின் தலையணைக்கு அடியிலேயே அடித்தது.

இறந்து மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் மகன் சலவைக்கூடத்து அறைக்கு வந்தார்.

"இந்தப் பேஜைப் பார்த்துக்கறது நீங்கதானா சார்?"

"ஆமா. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், பார்த்து."

மகன் உட்காரவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் திருகாணியை முடுக்கினார். "லூஸா இருக்கு சார், அவ்வளவுதான்." முடுக்கிக்கொண்டே பேசினார். "எங்கம்மா இங்கதான் தவறிட்டாங்க. இருபத்து மூணு."

கலப்படம் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தார். விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார்.

"லிஃப்ட் குழிக்குள்ள சிக்னல் இருக்காது சார். மேல ஏறினதும் முதல் வேலையா இதைத்தான் பார்ப்பேன். ரெண்டு நாளும் இதேதான்." போனை நீட்டினார். படம் பிடித்து வைத்திருந்தார். "சரி, தூங்கறாங்க, வேலையை முடிச்சுட்டுப் போகலாம்னு இருந்துட்டேன். மறுநாள் காலையில வந்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

"தம்பி..."

"நான் சண்டைக்கு வரல சார். ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். மத்தவங்களுக்கெல்லாம் வெறும் 'உறங்குகிறார்'னுதான் வருதாம். எங்கம்மாவுக்கு மட்டும் 'நிம்மதியா'ன்னு கூட ஒரு வார்த்தை இருக்கு. அப்ப யாரோ பக்கத்துல நின்னு, முகத்தைப் பார்த்துதானே போட்டிருப்பாங்க? நான் இல்லாத இடத்துல யாரோ ஒருத்தர் இருந்திருக்காங்க. அந்த சிஸ்டர் யாருன்னு தெரியணும்."

பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து மேஜையில் வைத்தார். பச்சைத் துணி, நான்கு மூலையிலும் கைத்தையல். "அம்மா தைச்சது. அவங்ககிட்ட குடுக்கணும்."

உண்மையைச் சொல்லிவிடக் கலப்படம் வாயெடுத்தார். பக்கத்து அறையில் சலவை இயந்திரம் வேகம் பிடித்தது, மேஜை ஆடியது, உறையும் லேசாக ஆடியது.

"கேட்டுச் சொல்றேன்" என்றார் கலப்படம்.

மகன் தன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைமேல் குத்தி வைத்துவிட்டு, நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகிக் கிளம்பினார்.

அவர் போனதும் கிடங்கைத் திறந்து அந்த அம்மாவின் பதிவைப் பார்த்தார். கடைசி நாள், காலை பதினொன்று பத்து. சிஸ்டர் தேர்ந்தெடுத்திருந்தது: 'வார்டைத் தொடர்புகொள்ளவும்.' கீழே குறிப்பு: 'விழித்திருக்கிறார். மகனைக் கேட்கிறார்.' இறந்தது இரவு எட்டரை. பதினொன்றரைக்குப் பேருந்து ஏறியிருந்தால் ஆறரைக்கு வந்திருக்கலாம். இரண்டு மணி நேரம். அவர் அதை விரலை மடக்கி எண்ணினார். கணினிக்காரர் விரல் மடக்கியதை அப்போதுதான் உள்ளே வந்த பதிவறை அக்கா பார்த்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேலி எதுவும் பேசவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலப்படம் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தார். இருபத்து மூன்று என்று அடித்தார். 'சிகிச்சையில் உள்ளார்' என்று வந்தது; எட்டாவதாக வந்த எவரோ. அவர் மனைவி அந்தப் படுக்கையிலிருந்து போய்ச் சேர்ந்தது அந்த நிமிடம்தான்.

"அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றார் அக்கா.

"என்னன்னு சொல்றது? உங்கம்மா தூங்கல, உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்கன்னா?"

"தெரியல. ஆனா அவன் தலையை வச்சுப் படுத்திருக்கிறது உங்க வரி மேல. உருவறதா இருந்தாலும் நீங்கதான் உருவணும். விடறதா இருந்தாலும் அது உங்க தலையிலதான்."

கண்காணிப்பாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார் கலப்படம். ஒன்றையும் மறைக்கவில்லை. கண்காணிப்பாளர் முதல் பத்தியைப் படித்தார். "இந்தக் கோடிங் சமாச்சாரமெல்லாம் எனக்கு எதுக்குய்யா? ஜனங்க அந்த நம்பரைக் கேட்டு உயிரை வாங்கறாங்க. நம்பர்தான் பிரச்சினை." மறுவாரம் படுக்கையின் தகரத்தில் இருபத்து மூன்றை அழித்து 22-ஏ என்று எழுதினார்கள். கடிதம் கோப்புக்குப் போயிற்று. தண்டனை என்று ஏதாவது கிடைத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பக்கத்தில் இருபத்து மூன்று என்று அடித்தால், 'அப்படி ஒரு படுக்கை இல்லை' என்று வருகிறது. அதைச் சர்வர் கிடங்குக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறது. காலையில் அவர் அடித்துப் பார்ப்பது நிற்கவில்லை.

தலையணை உறை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வீட்டில் மனைவியின் தலையணை உறையில்லாமல்தான் கிடக்கிறது. அளவு சரியாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் அதை எடுத்துப் போகவில்லை. மாதம் ஒருமுறை லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து செய்தி வரும்: 'அந்த சிஸ்டர் கிடைச்சாங்களா சார்?' அவர் பதிலை எழுதுவார், அழிப்பார், எழுதுவார். கடைசியில் போவது இரண்டே வார்த்தை: 'விசாரிக்கிறேன் தம்பி.'

இந்த மாதச் செய்தி நேற்று வந்தது. பதில் இன்னும் போகவில்லை.