மரமில்லாத பெயர்ப்பலகை

ஓய்வு பெறுவதற்கு முன் கல்வி அலுவலகத்தில் நான் கடைசியாகச் செய்த பெரிய காரியம், பாடசாலைப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதற்கான விண்ணப்பப் படிவத்தை நான்கு பக்கத்திலிருந்து ஆறு பக்கமாக்கியது. அதிபரின் சிபாரிசு, பெற்றோரின் சம்மதம், சுகாதாரப் பரிசோதகரின் கடிதம், பொலிசுக்கு அறிவித்ததற்கான அத்தாட்சி, வாகனத்தின் காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி. ஒன்றையும் மறக்கவில்லை, பிள்ளைகள் நடந்தும் போகலாம் என்பதைத் தவிர.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அந்தப் படிவம் என்னைத் தேடிக் குறிஞ்சிப்பிட்டியில் என் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவர் களப்போரப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை. இளம்பெண். வியாழக்கிழமைகளில் இரண்டு பாடவேளை ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளைக் களப்புக்குக் கூட்டிப்போய்ப் படிப்பிக்க அனுமதி கேட்டிருந்தார். கடல் உள்ளே புகுந்து தேங்கிய அந்தக் களப்பின் தண்ணீர், பாடசாலையின் பின்வேலியிலிருந்து நூறு அடி தூரம். விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. காரணம்: சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி இணைக்கப்படவில்லை.

"சேர், நடந்து போறதுக்கு டிரைவர எங்க இருந்து கொண்டு வாற?"

"அது படிவத்திட ஒழுங்கு, டீச்சர்."

"அந்தப் படிவத்த ஆர் எழுதின எண்டும் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கன்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். வேறென்ன செய்வது? சாரதி என்று வரும் இடமெல்லாம் 'பொருந்தாது' என்று எழுதி, பக்கத்தில் அதிபரின் முத்திரையைக் குத்தச் சொல்லிக் கொடுத்தேன். 'பொருந்தாது' என்று யாரும் எழுதலாம். முத்திரை விழுந்த பிறகுதான் அது உண்மையாகும்.

ஒரு தவணைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. தவணை முடிவில் அலுவலகம் வந்து மதிப்பீடு செய்யும். அதில் தேறினால்தான் வியாழக்கிழமைகள் தொடரும். அதோடு, ஓய்வுபெற்ற கல்வி உத்தியோகத்தர் ஒருவர் வெளிப் பார்வையாளராகக் கூடவே போக வேண்டும். அந்த நிபந்தனையையும் முன்பு நான்தான் சேர்த்திருந்தேன், யாரும் அகப்படமாட்டார்கள் என்ற துணிவில்.

அப்படித்தான் நான் களப்புக்குப் போகத் தொடங்கினேன்.

முதல் வியாழக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் வேலியோரத்தில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். நான் கழற்றவில்லை. இருபது அடி போனதும் இடது சப்பாத்து சேற்றுக்குள் தங்கிவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தோண்டி எடுத்துத் தந்தார்கள். வரவு இடாப்புக் கூப்பிட்டதற்குப் பிறகு நடந்த முதலாவது பாடம் அதுதான்.

டீச்சரின் முறை எனக்குப் பழக்கமில்லாதது. அவர் ஒன்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கயிற்றால் சேற்றில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் எத்தனை நண்டுப் பொந்து என்று எண்ணச் சொன்னார். நுளம்பு வலைத் துண்டில் தண்ணீரை வடித்து, மிஞ்சியதைப் போத்தலில் போட்டுப் பார்க்கச் சொன்னார். வெண்கண்டல் மரத்தின் கீழே நின்று இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார்.

"சேரும் நக்கோணும்" என்றாள் ஒரு பிள்ளை.

நக்கினேன். உப்பு. இந்தக் களப்பின் பக்கத்தில் பிறந்து அறுபத்திரண்டு வயதாகி, அந்த மரம் உப்பை இலைவழியே வெளியே தள்ளுகிறது என்று அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது. பரீட்சைத் தாளில் அதற்குப் புள்ளி போட்டிருக்கிறேன்.

என்னை நக்க வைத்தவளின் வாப்பா நண்டு வலை போடுகிறவர். வகுப்பறையில் கடைசி வாங்கில் இருப்பாள், வாய் திறக்கமாட்டாள் என்று அதிபர் சொல்லியிருந்தார். களப்பில் அவளுடைய வாயை மூட வைப்பதுதான் கஷ்டம்.

ஐந்தாவது வியாழன் டீச்சர் எங்களை வீதியோரத்துச் சேற்றுக்குக் கூட்டிப்போனார். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் அலுவலகம் கண்டல் நடும் இடம். வாகனம் கிட்ட வரும், கதிரை போடலாம், படம் எடுத்தால் பின்னால் களப்பு முழுவதும் விழும். முந்நூறு கன்று, கயிறு பிடித்து நேர் வரிசையில். முக்கியமானவர்களுக்குக் குழி முன்கூட்டியே தோண்டி, பக்கத்தில் பெயர்ப்பலகையும் ஊன்றியிருக்கும். ஆறு வருடம் நான் முன்னின்று நடத்தினேன். வேறெந்த இடமும் எங்களோடு இவ்வளவு ஒத்துழைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் நடுவதற்கு அது காலியாகவே இருந்தது. ஏன் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. படிவத்தில் நட்ட தொகைக்குத்தான் கட்டம் இருந்தது, உயிரோடு இருப்பதற்குக் கட்டம் இல்லை.

உயிரோடு இருப்பவற்றை எண்ணச் சொன்னார் டீச்சர். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நடந்தார்கள். பட்டுப்போன குச்சிகள், அவற்றில் ஒட்டிய சிப்பி. கடைசியில் இரண்டு கன்று கிடைத்தது. அந்த இரண்டுக்கும் இலை இருந்தது, அவ்வளவுதான்.

நண்டுக்காரர் மகள் சேற்றுக்குள் கையை விட்டு ஒரு பலகையை இழுத்தாள். பாவாடையால் துடைத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சேர், உங்கட பேர் இருக்கி. மரந்தான் இல்ல."

மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். நல்ல பலகை. வண்ணம்கூடப் போகவில்லை. நான் பலகையைத் தெரிவு செய்வதில் எப்போதும் கவனமானவன்.

"ஏன் செத்திச்சு எண்டு நினைக்கிறீங்க?" என்று டீச்சர் எல்லோரையும் கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டது அவருடைய பெருந்தன்மை.

"இதில வத்துலயும் தண்ணி டீச்சர், பெருக்குலயும் தண்ணி, சேறு வெளிய தெரியிற நேரமே இல்ல" என்றாள் அவள். "எங்கட வாப்பா தோணி கட்டுற இடம் இது. மரம் மொளைக்கிற இடமெண்டா தோணி கட்ட ஏலுமா?"

"இத ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லயில்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கல்லயே சேர். வந்தீங்க, நட்டீங்க, படமெடுத்தீங்க, பெட்டிஸ் தின்டீங்க, போனீங்க." கொஞ்சம் யோசித்து, நியாயமாக, "எங்களுக்கும் ஆளுக்கொண்டு தந்தீங்க" என்றும் சேர்த்தாள்.

கண்டல் எங்கே முளைக்கும் என்பதை அடுத்த வியாழன் அவள்தான் காட்டினாள். பாடசாலைக்குத் தெற்கே கைவிட்ட இறால் பண்ணைக் குட்டை ஒன்று இருக்கிறது. நோய் வந்து இறால் செத்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது. உள்ளே உப்புப் பொருக்கு, வெடித்த சேறு. ஆனால் மண்வரம்பு இடிந்து களப்புத் தண்ணீர் கசிந்து வரும் ஒரு மூலையில் மட்டும், யாரும் நடாமலே, கண்டல் நின்றது. முருங்கைக்காய் போன்ற அதன் காய்கள் மிதந்து வந்து, தண்ணீர் வற்றும்போது சேற்றில் குத்தி நின்று வேர் விட்டிருந்தன. நாற்பத்தொன்று, பிள்ளைகள் எண்ணினார்கள்.

"ஆரும் நடாம, தானாவே" என்றேன், நம்பமுடியாமல்.

டீச்சரின் வாப்பா தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு இங்கே வந்தவர். டீச்சர் பிறந்தது இந்த ஊரில். "எங்கட வாப்பாவையும் ஆரும் நடல்ல சேர்" என்றார் அவர். பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, குட்டையின் மற்ற மூலைகளில் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

விடை வரம்புக்குள் புதைந்து கிடந்தது. தண்ணீர் வந்துபோக அந்தக் காலத்தில் போட்ட சீமெந்துக் குழாய் மண்ணால் அடைபட்டிருந்தது. அதைத் திறந்தால் குட்டை முழுவதும் பெருக்கு ஏறும். காய்கள் உள்ளே வரும்.

அந்தக் கிழமையில்தான் அலுவலகத்தின் கடிதமும் வந்தது. மதிப்பீட்டு நாளன்று முந்நூறு கன்றுகளோடு வருவார்கள். வழமையான இடத்தில் பிள்ளைகள் நட வேண்டும். நடப்பட்ட தொகையை வைத்து அனுமதியைத் தொடர்வதா என்று முடிவு செய்யப்படும்.

அதிபர் என்னையும் டீச்சரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு பிளேன்டீ தந்தார். நல்ல மனிதர். சண்டை பிடிக்கத் தெரியாதவர். "நட்டிட்டு விடுவம் டீச்சர். அரை மணித்தியால வேல. பிறகு வருசம் முழுக்க ஒண்டும் கேக்கமாட்டாங்க."

"அஞ்சாறு கிழமையா பிள்ளைகளே கண்டுபிடிச்சிருக்கு, அதில நட்டாச் சாகும் எண்டு. இப்ப அதையே நடு எண்டு நான் எந்த முகத்தோட சொல்ற?"

"அப்ப வியாழக்கிழம போயிடும்."

டீச்சர் கோப்பையை மேசையில் வைத்தார், தேநீர் அப்படியே இருந்தது. வியாழக்கிழமை போனால் அந்த நண்டுக்காரர் மகள் மறுபடி கடைசி வாங்குக்குப் போய் வாயை மூடிக்கொள்வாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அலுமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய கோவைகளை இறக்கினேன். மனைவி, "பென்சன் எடுத்தும் இந்தத் தூசியா?" என்றாள். கண்டல் நடுகை பற்றிய சுற்றறிக்கையைத் தேடினேன். அதுவும் நான் எழுதியதுதான். பதினோராவது பந்தி: 'கன்று நட்ட இடமொன்றில் மீண்டும் நடுவதற்கு முன், முன்னர் நடப்பட்டவற்றுள் உயிருடன் உள்ளவை பற்றிய அறிக்கை சமர்ப்பிக்கப்படல் வேண்டும்; பெரும்பாலானவை அழிந்த இடத்தில் மீண்டும் நடலாகாது.' ஏன் அதை எழுதினேன் என்று நினைவில்லை. பத்துப் பந்தியோடு முடித்தால் நன்றாக இருக்காது என்று எழுதியிருக்கலாம். ஆறு வருடத்தில் அந்த அறிக்கையை ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

அன்றிரவே எழுதத் தொடங்கவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். என் கையெழுத்துள்ள ஆறு வருடத்து 'வெற்றிகரமாக நடப்பட்டது'களை நானே பொய்யென்று எழுதுவது லேசான காரியமில்லை. மூன்றாம் நாள் எழுதினேன். நட்டவை, வருடா வருடம். இருப்பவை, இரண்டு. எண்ணியவர்கள், தரம் ஏழு. முன்பு நடுகைக்குப் பொறுப்பாக இருந்தவர், என் பெயர். கையொப்பம்.

நடுவதற்குப் பதில் குட்டையின் குழாயைத் திறப்பதென்று முடிவாகியிருந்தது; அதற்குக் குட்டைச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். மாம்புரியில் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். "அந்தக் குட்டையால இனி எனக்கு என்ன நட்டம் வரப்போகுது?" என்று கல்லாவில் வைத்தே எழுதித் தந்தார். கிராம சேவகரும் கரையோரத்துக்குப் பொறுப்பானவர்களும் பிரதி பெற்றுக்கொண்டார்கள். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு வியாழக்கிழமைகள் பிள்ளைகள் மண் அள்ளினார்கள். மண்வெட்டி, வாளி, சிரட்டை. நானும் அள்ளினேன், சப்பாத்து வேலியோரத்தில் மற்றச் சப்பாத்துகளோடு நின்றது. இரண்டாவது வியாழன் பதினொரு மணிபோல, பெருக்கு ஏறும் நேரம், குழாய்க்குள் களகளவென்று ஒரு சத்தம். கறுத்த தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர். அதோடு விரல் நீளத்தில் ஒரு மீன் குட்டைக்குள் விழுந்து, எங்கே வந்தோம் என்று தெரியாமல் நின்றது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதிபர் ஏதோ விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்.

தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க ஒரு கட்டை வேண்டும் என்றார் டீச்சர். நண்டுக்காரர் மகள் என் பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து குழாயடியில் செங்குத்தாக ஊன்றினாள். எழுத்துகள் பக்கவாட்டில் சாய்ந்து, ஏணிப்படி போல ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன.

மதிப்பீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை செய்தவர். அலுவலக வான் வண்டியில் கன்றுகளும் புதுப் பெயர்ப்பலகையும் பெட்டிசும் வந்தன. அறிக்கையைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், பிறகு இருந்து வாசித்தார்.

"சேர், இதில உங்கட பேரே இருக்கு."

"ஓம். முதலாவதா."

"இத நான் வாங்கினா வழமையான இடத்தில நட ஏலாது. பதினோராம் பந்தி."

"ஓம். வாங்காம விடவும் ஏலாது. அதுவும் பதினோராம் பந்தி."

அவர் அடியிலிருந்த என் கையொப்பத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சேரிட்டத்தான் இதெல்லாம் படிச்ச நாங்க." ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தைத் திருப்பி, பேனையால் ஒரு கட்டத்தைத் தட்டினார். "நடப்பட்ட தொகை. இதில என்ன போடுற?"

நான் வாய் திறக்குமுன் நண்டுக்காரர் மகள், "பூச்சியம் போடுங்க சேர், நாங்க காட்டுறம்" என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். வேலியோரத்தில், "சப்பாத்தக் கழட்டுங்க. அந்த சேர்ட ஒரு சப்பாத்த நாங்க தோண்டித்தான் எடுத்த" என்றாள். அவர் கழற்றினார். நான் பின்னால் போகவில்லை. பெட்டிசுக்குக் காவல் இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து, காற்சட்டை முழங்கால் வரை சுருட்டியபடி, நாக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கட்டத்தில் பூச்சியம் போட்டார். ஓரத்தில், கட்டமே இல்லாத வெற்றிடத்தில், 'தானாக வளர்ந்தவை 41, பிள்ளைகளால் அவதானிக்கப்படுகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார். கன்றுகளைத் திருப்பி அனுப்ப நடைமுறை இல்லாததால், அவை பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருக்கின்றன. எந்த உயரத்தில் வைத்தால் பிழைக்கும் என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லும்வரை அங்கேயே இருக்கும்.

அடுத்த தவணைக்கு அனுமதி வந்துவிட்டது. கடிதத்தின் அடியில், சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதியை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கும்படி கேட்டிருந்தார்கள். 'பொருந்தாது' என்று எழுதி அனுப்பினோம்.

நேற்று வியாழக்கிழமை. குழாயடியில் நண்டுக்காரர் மகள் குனிந்து பார்த்து, "டீச்சர், சேர்ட பேர்ல மூணாம் எழுத்து வரைக்கும் தண்ணி" என்று கத்தினாள். மற்ற முப்பது பிள்ளைகளும் அதைக் கொப்பியில் எழுதினார்கள்.