மூன்று காயும் மாடிப்படியும்

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஒரு கட்டாயம் உண்டு. முறை வந்தால் வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். அந்த வாரம் மூன்று மாடிப் படிகளையும் பெருக்கித் துடைப்பது நம் வேலை. நம் வேலை என்றால் என் வேலை. என் கணவர் இன்ஜினியர், துடைப்பத்தைத் தொடமாட்டார். "கீழ் வீட்டம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலத்தில், அவர் மியூலெ வாங்கி வந்தார். ஜெர்மன்காரர்கள் வீட்டுக்கு வீடு ஆடும் ஆட்டம். ஆளுக்கு ஒன்பது காய். மூன்றை ஒரே கோட்டில் சேர்த்தால் எதிராளியின் காய் ஒன்றை எடுக்கலாம். காயைக் கோட்டில் அடுத்த புள்ளிக்குத்தான் நகர்த்தலாம். இரண்டு காய்க்கு இறங்கியவர் தோற்றார். விதிகள் பெட்டி மூடியின் உட்புறம் ஜெர்மனில் இருந்தன. எனக்கு அது படிக்க வராது. அவர் படித்துச் சொல்ல, நானும் ஏழு வயது மகளும் கற்றுக்கொண்டோம். ஒரு மாதம் ஞாயிறு தவறாமல் தோற்றேன். ஆனாலும் அப்படி ஒரு பைத்தியம்! சாம்பார் கொதிக்கும்போதுகூடக் காய்தான் கண்முன் நிற்கும்.

ஒரு ஞாயிறு மதியம். மறுநாள் முதல் எங்கள் முறை.

"இன்னிக்கு நான் ஜெயிச்சா, இந்த வாரம் படி நீங்கதான்," என்றேன்.

"ஜெயிச்சாதானே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது.

நாக்கு வறள ஆடினேன். கடைசியில் எனக்கு மூன்று காய், அவருக்கு நான்கு. என்னுடைய இரண்டு ஒரே கோட்டில் இருந்தன. மூன்றாவது எங்கோ மூலையில் கிடந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மாவுக்கு வாளியை எடுத்து வைம்மா," என்றார்.

பள்ளியில் ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருந்த மகள் மூடியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, மூணே காய் இருந்தா எங்க வேணா தாவலாம்னு போட்டிருக்கே?"

அவர் மூடியை வாங்கிப் பார்த்தார். "கடைசி வரியா... நான் அதைப் படிக்கல."

"படிக்கலையா, சொல்லலையா?" என்று கேட்டுக்கொண்டே தாவினேன். மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்தன, அவர் காய் ஒன்று போயிற்று. அவருக்கும் மூன்றுதான், அவரும் தாவினார். நான் மூன்று சேர இரண்டு பக்கமும் வழி வைத்தேன். அவர் ஒன்றை அடைத்தார், மற்றதில் குதித்தேன். அவருக்கு இரண்டே காய்! மகள் கட்டிலில் ஏறி ஆடினாள். நானும் கத்தினேன், கீழ் வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்கும்!

சனிக்கிழமை வாளியோடு போனார். திரும்பி வரும்போது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கேலி பண்ண நான் தயாராக நின்றேன்.

"அம்பத்தி நாலு படி," என்றார். "நீ வாயும் வயிறுமா இருந்தப்பவும் நீதானே துடைச்ச?"

"பின்னே? கீழ் வீட்டம்மாவா வந்து துடைச்சாங்க?"

சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்து வாளியை வாங்கினேன். அத்தனை வருஷத்தில் அந்தப் படிகளை நான்கூட எண்ணியதில்லை.