அப்பாவுக்கு ஆள் வேணுமா?

வயசானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற தொழிலில், ஆள் தேடுவதுகூடப் பெரிய பாடு இல்லை. ஆள் வேணும் என்று ஒரு வீட்டை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். நாமக்கல்லில் இருந்துகொண்டு நான் செய்வது இதுதான். யாராவது கூப்பிட்டால், ஆளை அனுப்பும் முன் நானே ஒரு தடவை போய் வீட்டைப் பார்ப்பேன். "இப்பவே வெக்கோணுமா, இன்னுங் கொஞ்ச நாள் போகட்டுமா?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் போயிருக்கும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரிசி டிரம்முக்குப் பின்னால்

சேந்தமங்கலத்தில் ஓர் அம்மா தனியாக இருந்தார். பெங்களூரில் இருக்கும் மகள்தான் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். தினமும் பொழுது சாயும்போது வீடியோ காலில் பேசுவாளாம். அம்மா தலை சீவி, நல்ல சேலை கட்டிப் பளிச்சென்று வந்து உட்காருவாராம். எனக்கும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். காபி போடுகிறேன் என்று எழுந்தவரோடு நானும் சமையலறைக்குள் போனேன். முகத்தைப் பார்த்து எங்கள் தொழிலில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அடுப்படியைப் பார்க்க வேண்டும்.

அரிசி டிரம்முக்குப் பின்னால், கரிந்துபோன பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பாலை அடுப்பில் வைத்து வைத்து மறந்திருக்கிறார். தீய்ந்ததைத் தேய்க்கவும் தெம்பில்லாமல், வெளியே போடவும் பயந்து ஒளித்து வைத்திருக்கிறார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "என்ற மவ கேட்டா, ஊடு சுத்தமா இருக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க கண்ணு."

பேரைச் சொல்லச் சொல்லுங்க

ராசிபுரத்தில் நெய்க்கடை வைத்திருப்பவர் கூப்பிட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது என்று மருமகள் சொல்கிறாளாம். மகனுக்கு நம்பிக்கை இல்லை. என் முன்னாலேயே சோதித்துக் காட்டினார். "அப்பா, நான் யாரு?" என்று கேட்டார். பெரியவர் சிரித்த முகத்தோடு "எஞ்சாமிதான்" என்றார். "பாத்தீங்களா மேடம்?" என்று மகன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் என்னைக் காட்டி, "நான் யாருங்க?" என்றேன். "நீங்களும் எஞ்சாமிதானுங்க" என்றார்.

நம் பக்கத்தில் சின்னது பெரிசு எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டால், பேரெல்லாம் மறந்துபோனது யாருக்கும் தெரியாது. "மகன் பேரைச் சொல்லுங்க" என்றேன். பெரியவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சமாளித்துக்கொண்டு சொன்னார்: "கடை வெச்சு நாலு பேரு மதிக்கிற ஆள, பேரு சொல்லிக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

எந்தச் சாமி?

அங்கிருந்து நாமக்கல் பஸ் ஏறியதும்தான் எனக்கு அந்தச் 'சாமி' உறைத்தது. என் அப்பா மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா போன பிறகு காலையிலும் மாலையிலும் நான் போன் பண்ணுவேன். "சாப்டியா சாமி, பஸ் கெடச்சுதா சாமி" என்பார். நிம்மதியாக வைத்துவிடுவேன். கோமதி என்று என் பேரைச் சொல்லி அவர் கடைசியாக எப்போது கூப்பிட்டார்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உடனே போன் போட்டேன். "சொல்லு சாமி" என்றார். "எந்தச் சாமிப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு எத்தன சாமி இருக்குது?" என்றார். இது பதிலா, தப்பித்துக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை.

தம்பி செந்திலைக் கூப்பிட்டேன். ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் இரைச்சல். விஷயத்தைச் சொன்னதும் கத்தினான்: "ஏங்க்கா, நேத்துக்கூட எங்கிட்ட நல்லாத்தான பேசுனாரு? நாலு ஊட்டச் சுத்திட்டு வந்து நம்மூட்டுலயும் சீக்கத் தேடாத!"

வெறுங்காட்டுத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அப்பா வாசலுக்கே வந்து "வா சாமி" என்றார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார், பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். வேட்டி வெள்ளையாக இருந்தது, அடுப்படி சுத்தமாக இருந்தது. செந்தில் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக் காட்டுப் பக்கம் நடந்தேன். சுவர் இல்லாத கிணற்றை ஒட்டித்தான் ஸ்விட்ச் பெட்டி. தரையெல்லாம் சேறு, அப்பாவின் கால்தடம் விளிம்பு வரை வழுக்கிப் போயிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி, லோடு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது. லாரி வந்த அன்றைக்கு நானும் கூட நின்றேன். வெறும் மண்ணில் தண்ணீர் தேங்கி நின்றது. பின்னால் மண்வெட்டியோடு வந்த அப்பா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னார்: "கெழங்கு வாடுது சாமி, பாயட்டும்."

சாப்பிட்டுட்டுப் போகட்டும்

அடுத்த நாளே அமலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சேலத்துக்காரி, எங்கள் ஆட்களில் நல்ல பொறுமைசாலி. "எனக்கெதுக்கு ஆளு? கையி காலு நல்லாத்தான இருக்குது?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ வீட்டில் பேசிப் பேசிப் பழகிய வாய் எனக்கு. அப்பா முன்னால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவரோ என்னைப் பார்க்காமல், அமலாவுக்கு வெயில் படாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டார். "வந்த புள்ள, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார். சாப்பிட்டதும், "வெயில் தாழட்டும்" என்றார். வெயில் தாழ்ந்ததும், "பொட்டப்புள்ள இனி எந்தப் பஸ்ஸுக்குப் போகும்?" என்றார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்றே தெரியாமல் அவளை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன்.

மறுநாள் காலையில் அப்பாவுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கிணறுதான் கண்முன் நின்றது. மறுபடி போட்டபோது அப்பாவே எடுத்தார். அமலாவுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தாராம். "மோட்டார் போடப் போகலயாப்பா?" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, விருந்தாளி வந்த வீட்டு நாகரிகம் எனக்குத் தெரியவில்லை என்பதுபோலச் சொன்னார்: "எப்படிப் போறது? ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குது, தனியா உட்டுட்டுப் போவாங்களா?"

எந்த வீட்டுக்கு எப்போது ஆள் வேணும் என்று சொல்லிப் பிழைக்கிற நான், வந்த ஒரம்பரை எப்போது கிளம்பும் என்று அப்பா கேட்டுவிடுவாரோ என்ற பயத்தோடுதான் இப்போதெல்லாம் போனைக் கையில் எடுக்கிறேன்.